கூட வந்தவர்

மனநோய் மருத்துவத்தில் மாணவனுக்கு முதலில் சொல்லித் தருவது, கூட வந்தவரிடம் எப்படிப் பேசுவது என்பதைத்தான். நோயாளியின் முறை அதற்குப் பிறகு. கேஸ் ஷீட்டில் நோயாளியின் பெயர், வயது, ஊர் எழுதி முடித்ததும் அதற்கென்றே ஒரு வரி இருக்கும்: தகவல் சொல்பவர் யார், என்ன உறவு, அவர் சொல்வதை நம்பலாமா. கடைசிக் கேள்விக்கு எல்லோரும் 'நம்பகமானவர்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம்.

கொல்லிமலை முகாமில் அந்த ஒரு வரிக்குள் நான் அடைத்துவிட்டு வந்த ஒருவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். முதல் நாள் பெயர் கேட்டேன்.

"அக்கான்னு போட்டுக்குங்க சாமி."

"உறவக் கேக்கலீங்கக்கா. உங்க பேரு வேணும், ஃபாரத்துல கேட்டிருக்காங்க."

"எம்பேரு எதுக்குங்க? சீக்கு அவனுக்குத்தானுங்களே."

பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. சரி போகட்டும் என்று 'அக்கா' என்றே எழுதினேன். பெயர் என்ற இடத்திலும் அக்கா, உறவு என்ற இடத்திலும் அக்கா. அன்றிரவு விடுதியில் இதைச் சொல்லிச் சிரித்தோம். இன்றுவரை எனக்கு அவர் பெயர் தெரியாது.

நான் அப்போது இறுதியாண்டு மாணவன். எங்கள் கல்லூரி கீழே சமவெளியில். மனநலப் பிரிவின் வேன் மாதம் ஒருமுறை முள்ளுக்குறிச்சி வழியாக மலை ஏறி, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முகாம் நடத்திவிட்டு மாலையில் இறங்கும். மாணவர்கள் அவரவர் பயிற்சிக் காலத்தில் ஒருமுறை போய் வந்தால் போதும். நான் விடாமல் ஆறு மாதம் போனேன். சேவை மனப்பான்மை என்று மேடம் நினைத்தார். எங்கள் பேராசிரியை அவர். மாணவர்களைப் பற்றி நல்லதே நினைக்கும் பழக்கம் உள்ளவர். உண்மை என்னவென்றால், அந்த ஆண்டு மாணவர்களுக்குள் கேஸ் விளக்கப் போட்டி ஒன்று இருந்தது. அதற்கு எனக்கு ஒரு நல்ல கேஸ் வேண்டியிருந்தது. எங்கள் பாஷையில் நல்ல கேஸ் என்றால் நோய் நன்றாக முற்றியிருக்கிறது என்று அர்த்தம். நோயாளியின் பாடு எவ்வளவு மோசமோ கேஸ் அவ்வளவு நல்லது. அந்த வயதில் இதைக் கூசாமல் சொல்லிக்கொள்வோம்.

அக்காவின் தம்பி அப்படி ஒரு நல்ல கேஸ்.

அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கேட்டிருந்தால் சரியாகத் தெரிந்திருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் தம்பியின் மருந்துச் சீட்டு, கையில் ஒரு மஞ்சப்பை. ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து நடந்து வந்து பஸ் பிடித்து, எங்கள் வேன் வருவதற்கு முன்பே வந்து நிற்பார். பக்கத்தில் தம்பி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையும் எண்ணெய் வழியும் தலையுமாக நிற்பான். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் கூட்டி வந்த பிள்ளை போல இருப்பான், மீசைதான் இடிக்கும்.

அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பிடிவாதமாகப் பேசமாட்டார். "சாப்பிட்டீங்களாக்கா?" என்றால், "என்னைய உடுங்க. இவன் சாப்பிட்டானுங்க, மூணு இட்லி. நாலாவது வேண்டாம்னுட்டான்" என்பார். மழையில் நனைந்து வந்திருந்தாலும் அதே 'என்னைய உடுங்க', காலில் முள் ஏறி நொண்டிக்கொண்டு வந்தாலும் அதே 'என்னைய உடுங்க'. சொல்லும்போது கையால் தன்னை அப்பால் தள்ளிவிடுவது போல ஒரு சைகை வேறு. முகாமில் நாங்கள் அதை நடித்துக் காட்டி ஒருவரையொருவர் கிண்டல் செய்வோம்.

மற்றவர்களை மட்டும் அவ்வளவு கூர்ந்து கவனிப்பார். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குடலே வெளியே வந்துவிடும். அதை மறைத்துக்கொண்டு, முகம் கழுவி, வெள்ளைக் கோட்டு மாட்டி டாக்டர் தோரணையில் இறங்கியதாகத்தான் நினைத்தேன். அடுத்த மாதம் மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு நாரத்தங்காயை எடுத்து மேசையில் வைத்தார். "போன தடவ மூஞ்சி வெளுத்துப்போயி எறங்குனீங்க. போறப்ப இத மோந்துக்கிட்டே போங்க கண்ணு, கொமட்டாது." அதற்குப் பிறகு எல்லா மாதமும் ஒரு நாரத்தங்காய் வரும். எங்கள் வீட்டில்கூட என்னை யாரும் அப்படிக் கவனித்ததில்லை. நானோ அவரைக் கவனித்ததே இல்லை.

கதை சொல்லச் சொன்னால் அவர் போல யாராலும் முடியாது. மற்றவர்கள், "ரொம்ப நாளா இப்படித்தாங்க" என்று முடித்துக்கொள்வார்கள். அக்கா நாள் நட்சத்திரத்தோடு சொல்வார். தம்பி கீழே கட்டட வேலைக்கு, சென்ட்ரிங் அடிக்கப் போனவன்.

"சாமை அறுப்பு ஆரம்பிச்ச மூணாம் நாளு வந்தானுங்க. கையில பை இல்ல, காலுல செருப்பு இல்ல. என்ன சாமின்னேன். மேஸ்திரி ராத்திரியெல்லாம் போன்ல என்னையத் திட்டறாருங்கறான். போனு அவங்கிட்டயே இல்லீங்க."

அந்த வாரமே அவன் ஒரு ராத்திரி எழுந்து நடந்து போய்விட்டான். மறுநாள் ஆடு மேய்ப்பவர்கள் ஒரு பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவனைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் ஆளே கிடைத்திருக்கமாட்டான். பிறகு ஒருநாள் பக்கத்து வயலில் யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்று விளைந்த கேழ்வரகை மிதித்துப் போட்டிருக்கிறான். கீழே எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்று ஊரில் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?" என்று கேட்டேன். வரிசைப்படி கேட்க வேண்டிய கேள்வி.

"அம்மாவுக்கு இருந்துச்சுங்க. இவன் அப்பக் கைக்கொழந்த. பாத்துக்க முடியலன்னு கீழ ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

"அப்புறம்?"

"போனாங்க. அவ்வளவுதானுங்க."

'குடும்பத்தில் நோய் உண்டு, தாய்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கேஸ் இன்னும் நல்லதாகிக்கொண்டு வந்தது. கல்யாணம் ஆகவில்லையா என்று பேச்சுவாக்கில் கேட்டதற்கு அவர் சிரித்தார். "பொண்ணு பாக்க வந்தாங்கதான். இவனும் கூட வருவான்னேன். எந்திரிச்சுப் போயிட்டாங்க." அது நோயாளியின் வரலாறு இல்லை என்பதால் அதை எழுதவில்லை.

அன்று மேடம் தம்பியைப் பார்த்து மருந்து எழுதிவிட்டு அக்காவிடம் சொன்னார்: "ஏம்மா, பையன் ராத்திரி எந்திரிச்சுப் போறான். சுத்திலும் பள்ளம். உன் ஒருத்தியால பாத்துக்க முடியுமா? முடியலன்னா சொல்லு, கீழே காப்பகத்துக்கு நான் எழுதித் தர்றேன். அதுல ஒண்ணும் தப்பில்ல."

மேடம் அன்பாகத்தான் சொன்னார். அக்காவின் கை தம்பியின் சட்டையை எட்டிப் பிடித்தது. "பாத்துக்குவேனுங்க. எனக்கு ஒரு செரமமும் இல்லீங்க. நல்லாத்தான் பாத்துக்கறேன்" என்றார். அம்மாவைப் போல இவனும் மலையை விட்டு இறங்கிவிடக்கூடாது. அந்த மனுஷிக்கு உலகத்தில் இருந்த ஒரே காரியம் அதுதான். அதற்குப் பிறகு எங்கள் மேசைக்கு முன்னால் அவருக்கு எதுவுமே சிரமமாக இல்லை. எதைக் கேட்டாலும் சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவது மாதம் தம்பியின் இடது மணிக்கட்டில் சிவந்த தடம் ஒன்றைப் பார்த்தேன். கயிறு உராய்ந்த தடம். அதற்கு முந்தைய வாரம்தான் நோயாளியின் உரிமைகள் பற்றி வகுப்பு நடந்திருந்தது. எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது.

"கட்டிப் போடறீங்களா?"

"கட்டிப் போடலீங்க. தூங்கறப்ப மட்டும் ஒரு நூலுக்கயிறு. அசைஞ்சான்னா தெரியோணுமில்லீங்க."

"அவன் என்ன மாடா? நோயாளியக் கட்டி வைக்கறது சட்டப்படி தப்பு, தெரியுமா உங்களுக்கு?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். சட்டையின் கைப்பட்டையைத் தன் மணிக்கட்டுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். "இனிமே இல்லீங்க சாமி" என்றார். வெட்கப்படட்டும், நல்லதுதான் என்று நினைத்தேன். கயிறு என்றால் இரண்டு முனை இருக்கும். மற்ற முனை எதில் கட்டியிருந்தது என்று நான் கேட்கவில்லை.

சட்டம் பேசிய கையோடு ஒரு தூக்க அட்டவணையும் கொடுத்தனுப்பினேன். இரவில் நோயாளி எத்தனை முறை விழித்தான் என்று கட்டங்களில் குறிக்க வேண்டும். அவருக்கு எழுத்து தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. அடுத்த முகாமில் அட்டவணையை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். கூடவே மஞ்சப்பையிலிருந்து பழைய சேலையில் கிழித்த நீளமான துணி ஒன்றை எடுத்தார். துணி நெடுக முடிச்சுகள். மலையில் விதையை அப்படித்தான் துணியில் முடிந்து வைப்பார்கள்.

"ஒரு முடிச்சு ஒரு ராத்திரிங்க. உள்ள மொச்சக் கொட்ட இருக்குது. எத்தன தடவ எந்திரிச்சானோ அத்தன. சும்மா பொரண்டு படுத்தா போடல. எந்திரிச்சு உக்காந்தாத்தான் போட்டேன்."

ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து எண்ணினேன். நான்கு, ஐந்து, நான்கு, மூன்று என்று போய், மாத்திரை பிடிக்கப் பிடிக்க இரண்டு, ஒன்று என்று குறைந்துகொண்டு வந்தது. நர்ஸ்கள் வார்டில் எழுதும் தூக்கக் குறிப்புகூட இவ்வளவு ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை. "அக்கா, இது தங்கம்" என்றேன். அவருக்கு அது என்னவென்று புரியவில்லை, ஆனால் முகம் மலர்ந்தது. நான் போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகு கொட்டைகளை மறுபடி அந்தந்த முடிச்சில் போட்டுக் கட்டிக்கொண்டு போனார்.

அதே நாளில்தான் நான் தம்பியைத் தனியாகப் பார்த்தேன். நோயாளியை ஒருமுறையாவது தனியே பார்க்க வேண்டும் என்பது விதி. அக்காவை வெளியே உட்காரச் சொன்னேன். கதவைச் சாத்தியதும் தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ராத்திரியில எந்தலமாட்டுல ஒரு ஆளு உக்காந்திருக்குதுங்க."

எனக்கு முதுகு நிமிர்ந்தது. "யாரு?"

கதவைப் பார்த்தான். "ஒரு ஆளுங்க."

"என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. என்னையவே பாத்துட்டு இருக்கும், விடியற வரைக்கும். அது தூங்கறதே இல்லீங்க."

"அதப் பாத்தா பயமா இருக்கா?"

"இல்லீங்க. பாவமா இருக்குதுங்க."

அவன் சொன்னதை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதினேன். அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். கீழே என் கண்டுபிடிப்பையும் எழுதினேன்: யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற மாயை, புதிதாகத் தோன்றியது. பயப்பட வேண்டிய இடத்தில் இரக்கப்படுகிறான், எனவே உணர்ச்சியும் சூழலுக்குப் பொருந்தவில்லை. எழுதி முடித்துவிட்டு அக்காவை உள்ளே கூப்பிட்டு, ஒழுங்கான மாணவனாகச் சரிபார்த்தேன். "ராத்திரி யாராச்சும் அவன் பக்கத்துல உக்காந்திருப்பாங்களா?"

"எங்க ஊட்டுல ஆரு இருக்காங்க? நாந்தானுங்க. நான் படுத்தா அடிச்சுப் போட்டாப்புல தூங்கிருவேன்."

தன்னைப் பற்றி, நான் கேட்காமலே, அவர் என்னிடம் சொன்ன ஒரே தகவல் அது. அதுவும் பொய். ஆனால் அவர் நம்பகமானவர் என்று நான் முன்பே எழுதிவிட்டேனே. மேடத்திடம் புது அறிகுறியைச் சொன்னேன். வெளியே கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. என் குறிப்பைப் படித்துவிட்டு, "வெரி குட்" என்று மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

நான்காவது மாதம் முகாமில் பேச எதுவும் இருக்கவில்லை. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. துணியில் நிறைய முடிச்சுகள் காலியாக இருந்தன, தம்பி ராத்திரியில் எழுந்திருப்பதில்லை. காலி முடிச்சையும் அக்கா விடாமல் போட்டிருந்தார். ஆள் மட்டும் கொஞ்சம் இளைத்தாற்போல் இருந்தார். வரிசையில் நிற்கும்போதே சுவரில் சாய்ந்து கண் சொருகிவிடும். தம்பியின் சட்டையைப் பிடித்த கை மட்டும் விடாது. விடியற்காலை பஸ், அலுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதே பெரிய வார்த்தை. பார்த்தேன், அவ்வளவுதான்.

போட்டி அடுத்த வாரம் நடந்தது. முடிச்சுத் துணியின் படத்தைத் திரை முழுக்கப் போட்டதும் அரங்கமே கைதட்டியது. எழுத்தறிவில்லாத ஒரு பெண் எவ்வளவு துல்லியமான தகவலைத் தர முடியும் பாருங்கள் என்று குரலை ஏற்றி இறக்கிப் பேசினேன். தலைமாட்டு ஆளைச் சொன்னபோது முன்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். பிறகு கேள்வி நேரம். மாத்திரையைப் பற்றிக் கேட்டார்கள், தாயின் நோயைப் பற்றிக் கேட்டார்கள், மூளை ஸ்கேன் எடுத்தாயா என்றார்கள். அத்தனை ராத்திரியும் கொட்டை போட விழித்திருந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்திருந்த அரங்கம் அது. எனக்கு முதல் பரிசு. தலையணை அளவில் ஒரு பாடப்புத்தகம். இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. நான் அதை எடுத்துப் படிப்பதில்லை.

இப்போது நானும் இதே துறையில்தான் இருக்கிறேன். நோயாளியோடு யார் வந்தாலும், உட்கார்ந்ததும் அவர்களைத்தான் முதலில் கேட்கிறேன்: நீங்கள் தூங்குகிறீர்களா? பாதிப் பேர், "என்னை விடுங்க டாக்டர்" என்பார்கள். விடுவதில்லை. எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.

ஐந்தாவது மாதம் மிளகுக் காலம். அக்காவின் விரல்நுனிகள் கறுத்திருந்தன. மேசைக்குப் பக்கத்தில் வந்து தயங்கி நின்றார்.

"ஏனுங்க சாமி, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

அத்தனை மாதத்தில் அவர் எதையும் கேட்டதில்லை.

"மாத்திரையக் கொஞ்சம் கொறச்சுக்கலாமுங்களா? பகல்லயும் சொக்கறான். நின்னாப்புலயே தூங்கறான். மெளகு எடுக்கோணும், நான் மேல ஏறுனா இவந்தான் ஏணியப் புடிக்கோணும்."

மலையில் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரங்களில் ஏறிப் படர்ந்திருக்கும். ஒற்றை மூங்கிலில் கணு விட்டு வெட்டிய ஏணியை மரத்தில் சாத்தி ஏறி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பறிப்பார்கள். கீழே ஓர் ஆள் மூங்கிலை அசையாமல் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. மலையேறும் வழியெல்லாம் வேன் ஜன்னலில் பார்த்துக்கொண்டுதான் போவேன்.

"வேற யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கக்கா."

"வேற ஆரு இருக்காங்க?"

"ஏணி பிடிக்க ஆள் வேணும்னு மாத்திரையக் கொறைக்க முடியுமா? மறுபடி எந்திரிச்சுப் போனான்னா? அப்புறம் மேடம் கீழேதான் அனுப்பச் சொல்வாங்க, பாத்துக்குங்க."

மேடம் அன்று அதை அன்பாகச் சொன்னார். நான் பேச்சை முடிப்பதற்காகச் சொன்னேன். அவர் எதற்குப் பயப்படுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தேதான் சொன்னேன்.

"வேண்டாமுங்க, வேண்டாமுங்க. இதே இருக்கட்டும்." கையால் தன்னை அப்பால் தள்ளினார். "என்னைய உடுங்க, நான் பாத்துக்கறேன்." நாரத்தங்காயை மேசையில் வைத்துவிட்டு, சொக்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி நடத்திக்கொண்டு போனார். மேடத்திடம் நான் இதைச் சொல்லவே இல்லை.

ஆறாவது மாதம் தம்பி தனியாக வந்து உட்கார்ந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. தலையில் எண்ணெய் இல்லை.

"அக்கா வெளிய நிக்கறாங்களா?"

"இல்லீங்க. அக்கா செத்துப் போச்சுங்க."

நோயாளி சொல்வதை அப்படியே நம்பிவிடக்கூடாது என்று எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். சுகாதார நிலையத்து நர்ஸம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். ஆமாம் என்று தலையசைத்தார்.

"மெளகு எடுக்கறப்பங்க. அக்கா மேல இருந்துச்சு. நான் ஏணியப் புடிச்சிட்டுத்தான் நின்னேன். அப்புடியே கண்ணு சொக்கிருச்சுங்க. சத்தங்கேட்டு முழிச்சேன், அக்கா கீழ கெடந்துச்சு. கத்தவே இல்லீங்க. மேல அதுவும் தூங்கிருக்கும்போல." மஞ்சப்பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டான். "ரெண்டு பேரும் ஒண்ணாத் தூங்குனது அன்னைக்கு மட்டுந்தானுங்க."

மஞ்சப்பைக்குள் கைவிட்டு முடிச்சுத் துணியை எடுத்து வைத்தான். "நீங்க கேப்பீங்கன்னு கொண்டாந்தேன்." பாதித் துணி வரைக்கும் முடிச்சு. அதற்கப்புறம் வெறும் துணி.

என் வாய் தானாகத் தனக்குப் பழகிய கேள்வியைக் கேட்டது: "அந்த ஆளு? தலமாட்டுல?"

"அக்காதானுங்க அது."

அவன் பொறுமையாக, தெரியாதவனுக்கு வழி சொல்வது போலச் சொன்னான். "கயிறு இருந்தப்ப பக்கத்துலயே படுத்துத் தூங்குமுங்க. ஒரு மொன எங்கையில, ஒரு மொன அது கையில. நான் எந்திரிச்சா இழுக்குமில்லீங்க, முழிச்சுக்கும். நீங்க கயிறு வேண்டாம்னு சொல்லிட்டீங்க. பொறவு உக்காந்துக்கிச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுச்சுங்க. சொன்னா உங்கக்காளால முடியலன்னு என்னையக் கீழ அனுப்பிருவாங்கன்னுச்சு. அதான் பேரச் சொல்லாமச் சொன்னேன். டாக்டருக்குப் படிக்கறவரு, கண்டுபுடிச்சிருவீங்கன்னு நெனச்சேனுங்க."

அவன் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த மேசையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த என் வகுப்புத் தோழி, தாமதமாகிறதே என்று குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். நாங்கள் பேசிய எதுவும் அவள் காதில் விழுந்திருக்கவில்லை. "டேய், இவருக்கு ஆள் உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சே, அது இன்னும் இருக்கா?"

"இப்ப யாரும் உக்கார்றதில்லீங்க" என்று அவனே பதில் சொன்னான்.

"அப்போ இம்ப்ரூவ்டு போடட்டுமா?"

பதிவேட்டில் மூன்றே கட்டம். முன்னேற்றம், மாற்றமில்லை, மோசம். வாசலில் வரிசை தள்ளிக்கொண்டிருந்தது. "போடு" என்றேன்.

மேடம் காப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். அவனைப் பார்த்துக்கொள்ள ஊரில் யாரும் இல்லை. மாலையில் எங்கள் வேனிலேயே அவனை ஏற்றிக்கொண்டோம், எனக்குப் பக்கத்து இருக்கையில். வளைவுகளில் என் வயிறு புரட்டியது. மோந்து பார்க்க எதுவும் இல்லை. அவன் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தான். முள்ளுக்குறிச்சியில் வேன் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் கண் விழித்து, வெளியே கடைகளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்.

"அம்மாவக் கூட்டிட்டுப் போன எடத்துக்குத்தானுங்களா?"

'குடும்பத்தில் நோய் உண்டு, தாய்' என்று அடிக்கோடு போட்டு எழுதியவன் நான். எந்த இடத்துக்குக் கூட்டிப் போனார்கள் என்று அக்காவிடம் கேட்டு எழுதியிருக்கவில்லை.

"தெரியல" என்றேன்.